டெட்ராய்ட்டிலிருந்து எண்ணூர் வரை: இலக்கியம், கார்த் தொழில், அருங்காட்சியகக் கணக்கு மூன்றையும் சேர்த்து வாசிக்கும் முறை

வடசென்னைக்காரர்களுக்கு வண்டித் தொழிலின் ஏற்ற இறக்கம் வீட்டுச் செலவோடு கலந்த விஷயம். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு, அவற்றை நம்பி உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள், காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறக் காத்து நிற்கும் கார்கள் என்று இந்தத் தொழில் நம் தெருவோடு ஒட்டியே கிடக்கிறது. ஆனாலும் அதைப் பற்றி முறையாக வாசிப்பவர்கள் குறைவு. இலக்கியம் வாசிப்பவர்கள் ஆண்டறிக்கையைத் தொடுவதில்லை; கணக்குத் தெரிந்தவர்கள் நாவலைத் தொடுவதில்லை; அருங்காட்சியகத்தின் வரவு செலவை இரு தரப்பும் தொடுவதில்லை. இந்த மூன்றையும் ஒரே திட்டமாக வைத்து, ஓர் ஆண்டுக்குள் தனியாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ எப்படி வாசிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரு தொழில் நலியும்போது அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்ற ஒரே கேள்வியை மூன்று வகை எழுத்திலும் தேட வேண்டும் என்பதே நான் வற்புறுத்துவது.

தொடங்க வேண்டிய இடம் அமெரிக்காவின் டெட்ராய்ட். கார்த் தொழிலும் அருங்காட்சியகமும் தொழிலாளரின் ஓய்வூதியமும் ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற வழக்கு அங்கே நடந்தது. 1950இல் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த அந்த நகரம், கார் ஆலைகள் இடம்பெயர்ந்தும் மூடப்பட்டும் போனதில் வரி கட்டும் மக்களை இழந்து, 7 லட்சமாகச் சுருங்கி, ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனோடு 2013 ஜூலை 18 அன்று திவால் மனு போட்டது. இந்த வழக்கைப் பற்றி நேதன் போமி எழுதி 2016இல் வெளிவந்த 'டெட்ராய்ட் ரிசரெக்டட்' என்ற நூலை முதலில் எடுங்கள். போமி அந்நகரத்து நாளிதழில் வழக்கைத் தொடர்ந்து எழுதியவர். சட்ட விவரங்களைக் கதைபோலச் சொல்லத் தெரிந்தவர்.

இந்த நூலை வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். இடப்பக்கத்தில் நகரத்திடம் யாருக்கெல்லாம் பணம் வர வேண்டியிருந்தது என்று எழுதுங்கள்: ஓய்வு பெற்ற துப்புரவுப் பணியாளர், காவலர், தீயணைப்பு வீரர், கடன் பத்திரம் வாங்கிய வங்கி, காப்பீட்டு நிறுவனம். வலப்பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் கடைசியில் எவ்வளவு கிடைத்தது என்று எழுதுங்கள். புத்தகம் முடிவதற்குள் அந்த இரண்டு பக்கங்களும் நிறைந்துவிடும். எந்த விமர்சனக் கட்டுரையும் தராத தெளிவு அப்போது கிடைக்கும்.

இந்த வழக்குக்குள் அருங்காட்சியகம் எப்படி வந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டெட்ராய்ட் கலைக்கூடம் 1885இல் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. 1919இல் அதன் சேகரிப்பு நகராட்சியின் உடைமையாயிற்று. ஓவியம் நகராட்சியின் சொத்து என்றால், நகராட்சி திவாலாகும்போது கடன்காரர்கள் அதன்மேல் கண் வைப்பார்கள். நகராட்சிப் பணத்தில் வாங்கிய ஏறத்தாழ 2,800 படைப்புகளை மட்டும் மதிப்பிட்ட கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், 45.4 கோடி முதல் 86.7 கோடி டாலர் வரை பெறும் என்றது. மொத்தச் சேகரிப்பையும் கணக்கில் எடுத்த இன்னொரு மதிப்பீடு 280 கோடி முதல் 460 கோடி வரை போனது. எதை எண்ணினார்கள் என்பது மாறியதால் தொகையும் மாறியது. அருங்காட்சியகப் பொருளின் விலை பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும், எண்ணப்பட்டது எது, விடப்பட்டது எது என்று கேட்கும் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் எதுவும் விற்கப்படவில்லை. அறக்கட்டளைகள் 36.6 கோடி டாலரும், மாநில அரசு 35 கோடியும், கலைக்கூடம் தானே திரட்டும் 10 கோடியுமாகச் சேர்த்து, 20 ஆண்டுகளில் 81.6 கோடி டாலர் ஓய்வூதிய நிதிக்குப் போகும். அதற்கு ஈடாகக் கலைப்பொருட்கள் நகராட்சியின் கையிலிருந்து தனி அறநிறுவனம் ஒன்றின் கைக்கு மாறும் என்பது உடன்பாடு. இதில் மாநில அரசின் 35 கோடி 20 ஆண்டுக் கணக்கு. அதை மொத்தமாக முன்கூட்டியே கட்டியதால் அரசு தந்தது 19.5 கோடிதான். இன்று கையில் கிடைக்கும் ரூபாயும் இருபது ஆண்டு கழித்து வரும் ரூபாயும் ஒன்றல்ல என்பதைச் சீட்டுக் கட்டியவர்கள் அனைவரும் அறிவார்கள்; கணக்கியலில் இதற்கு 'இன்றைய மதிப்பு' என்று பெயர். இந்த ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால் பின்னால் வரும் ஆண்டறிக்கைகளில் பாதி எளிதாகிவிடும். உடன்பாட்டின்படி சாதாரண நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைக்கப்பட்டதோடு, விலைவாசிக்கேற்ற உயர்வும் நின்றுபோனது. கலை காப்பாற்றப்பட்டது என்று மகிழும் கட்டுரைகள் ஏராளம். அவற்றைப் படிக்கும்போது இந்த வரியையும் மறக்கக்கூடாது.

போமியை முடித்ததும் அடுத்த நூலுக்குத் தாவாமல், அந்தக் கலைக்கூடத்தின் நடு முற்றத்தில் மெக்சிகோ ஓவியர் தீகோ ரிவேரா 1932-33இல் தீட்டிய சுவரோவியங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். மொத்தம் 27 பகுதிகள்; செலவை ஏற்றவர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல். வடக்குச் சுவரில் ஃபோர்டு வி-8 வண்டியின் எஞ்சினும் கியர்பெட்டியும் உருவாகின்றன. தெற்குச் சுவரில் உடற்பகுதி அச்சில் அடிக்கப்பட்டு வண்டி முழுமை பெறுகிறது. தொழிலாளிகளின் முதுகு ஒரே திசையில் வளைந்திருப்பதையும், அவர்களிடையே கண்காணிப்பாளர்கள் நிற்பதையும் கவனியுங்கள். ரிவேரா அந்த நகருக்கு வந்தது 1932 ஏப்ரலில். அதற்கு முந்தைய மாதம்தான் ஃபோர்டு ஆலையை நோக்கிப் போன வேலையற்றோர் பேரணி மீது துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தார்கள். முதலாளியின் பணத்தில் தொழிலாளியைப் பெரிதாக வரைந்த இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுக் கார்த் தொழிலின் வரலாற்றுக்குள் போனால், எண்களுக்குப் பின்னே ஆட்கள் தெரிவார்கள்.

கார்த் தொழில் பற்றி ஒரே நூல்தான் வாசிக்க முடியும் என்றால் டேவிட் ஹால்பர்ஸ்டாம் 1986இல் வெளியிட்ட 'தி ரெக்கனிங்' நூலைச் சொல்வேன். ஃபோர்டு, நிசான் என்னும் இரண்டு நிறுவனங்களை எதிரெதிரே வைத்து, அமெரிக்கத் தொழில் ஏன் சறுக்கியது, ஜப்பானியத் தொழில் எப்படி எழுந்தது என்று சொல்லும் பெரிய நூல் அது. முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஃபோர்டில் பொறியாளர்களை ஓரங்கட்டிவிட்டு நிதித்துறை ஆட்கள் மேலே வந்த பகுதியையும், நிசானில் 1953இல் நடந்த வேலைநிறுத்தமும் அது முறியடிக்கப்பட்ட விதமும் வரும் பகுதியையும் முதலில் வாசியுங்கள். நமக்கு இந்த நூல் கூடுதல் நெருக்கம், ஏனெனில் அந்த இரண்டு நிறுவனங்களும் பின்னாளில் சென்னையின் விளிம்புக்கு வந்தவை. மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டு, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இயக்க நட்டம் என்று காரணம் சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. நிசான் 2024-25 நிதியாண்டில் 67,000 கோடி யென்னுக்கு மேல் நட்டம் காட்டி, உலகெங்கும் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும், 17 ஆலைகளை 10 ஆக்குவதாகவும் அறிவித்தது. ஒரகடத்துக் கூட்டு ஆலையில் தனக்கிருந்த பங்கையும் கூட்டாளியான பிரெஞ்சு நிறுவனம் ரெனோவிடம் கொடுத்துவிட்டது. ஹால்பர்ஸ்டாம் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக நிறுத்திய நிறுவனத்துக்கு நாற்பதாண்டு கழித்து இந்த நிலை என்பதால், எந்தத் தொழில் நூலையும் அது எழுதப்பட்ட ஆண்டை மனத்தில் வைத்தே வாசிக்க வேண்டும்.

வோமாக், ஜோன்ஸ், ரூஸ் மூவரும் 1990இல் வெளியிட்ட 'தி மெஷின் தட் சேஞ்ச்டு தி வேர்ல்டு' நூலும் பலரும் பரிந்துரைப்பதே. டொயோட்டா முறையின் சிக்கனத்தை உலகுக்கு விளக்கிய நூல் அது. நம் ஆலைகளில் ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் கூட்டங்களில் இன்று புழங்கும் சொற்களில் பல அதன் வழியே பரவியவை. ஆனால் அதைத் தனியாக வாசிக்கக் கூடாது என்பது என் கருத்து. 1970களின் தொடக்கத்தில் டொயோட்டா ஆலையில் பருவகாலத் தொழிலாளியாகவே சேர்ந்து வேலை பார்த்து, அந்த அனுபவத்தை நூலாக்கிய சதோஷி கமாதாவின் 'ஜப்பான் இன் தி பாஸிங் லேன்' நூலோடு சேர்த்து வாசியுங்கள். ஒன்று உற்பத்தி வரிசையை மேலிருந்து பார்க்கிறது. மற்றது அதே வரிசையில் நின்று மூச்சு வாங்குகிறது.

ஆலை மூடிய பிறகு ஊர் என்னவாகிறது என்பதற்கு ஏமி கோல்ட்ஸ்டைனின் 'ஜேன்ஸ்வில்' (2017) போதும். 2008 டிசம்பர் 23 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மூடப்பட்ட ஜேன்ஸ்வில் என்ற அமெரிக்கச் சிறு நகரத்தில், அடுத்த சில ஆண்டுகளைக் குடும்பம் குடும்பமாகப் பின்தொடர்ந்து எழுதப்பட்டது. வேலை போனவர்கள் கல்லூரியில் சேர்ந்து புதுத் தொழில் கற்றால் பிழைத்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் சொல்வதை அவர் தரவோடு சோதித்தார். அந்த ஊரில் மறுபயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மேலான நிலையை எட்டவில்லை என்று தெரிந்தது. பெரம்பூரில் பின்னி மில் மூடியபோது அதை நம்பியிருந்த குடும்பங்களை அறிந்தவர்கள் இந்த நூலைப் பெரியவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசிக்கலாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கதை வரும்.

இவ்வளவு படித்தபின் நம் ஊர்க் கணக்குக்கு வர வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் அவற்றின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைவரின் கடிதத்தையும் வண்ணப் படங்களையும் கடந்து, நான்கு இடங்களை மட்டும் தேடுங்கள். முதலாவது, விற்ற வண்டிகளின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு. இரண்டாவது, வருமானத்தில் மூலப்பொருளுக்குப் போன பங்கும் ஊழியர் செலவுக்குப் போன பங்கும். மூன்றாவது, இலாபம் காட்டிய ஆண்டில் கையில் உண்மையாகப் பணம் வந்ததா என்று சொல்லும் பணப்பாய்வு அறிக்கை. நான்காவதே எனக்கு முதன்மையானது: 2022-23 முதல் பெரிய நிறுவனங்கள் கட்டாயமாகத் தர வேண்டிய பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையில், நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர் என்று தனித்தனிக் கட்டத்தில் எழுதியிருப்பார்கள். ஆலை வாசலில் கான்ட்ராக்ட் ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வதை, அந்தக் கட்டத்தில் எண்ணாகச் சரிபார்க்கலாம்.

பயிற்சிக்கு 2018 முதல் 2020 வரையிலான அசோக் லேலண்ட் அறிக்கைகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜூலையில் லாரிகள் ஏற்றக்கூடிய எடையின் வரம்பை ஒன்றிய அரசு உயர்த்தியது. இருக்கிற லாரியிலேயே கூடுதல் சரக்கு போகலாம் என்றானதால் புது லாரிக்குத் தேவை குறைந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நிதி நிறுவனங்கள் நெருக்கடியில் சிக்கியதால் வண்டிக் கடன் கிடைப்பது கடினமாயிற்று. 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வரவிருந்ததால் வாங்குபவர்கள் தயங்கினார்கள். 2019இல் எண்ணூர் ஆலையில் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இத்தனையும் இருந்தன. அறிக்கையின் எண்களையும் அந்த மாதத்து நாளிதழ்களையும் பக்கத்தில் பக்கம் வைத்து வாசித்தால், ஒரு பட்டறையில் ஆர்டர் நின்றது எங்கிருந்து வந்த அலையால் என்று தெரியும்.

நமக்கென்றே உரிய ஒரு வாசிப்புக் கேள்வியும் உண்டு. 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955இல் பெயர் மாறிய எண்ணூர் நிறுவனம், பிரிட்டனின் லேலண்டைச் சார்ந்து வளர்ந்தது. 1955இல் திருவொற்றியூரில் காலூன்றிய என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தின் வண்டியைக் கட்டியது. பிரிட்டிஷ் லேலண்ட் 1975இல் அரசுடைமையாகிப் பின்னர் துண்டு துண்டாகப் பிரிந்துபோனது. ரெட்டிச் நிறுவனமும் 1970களின் தொடக்கத்துக்குள் முடிந்துபோனது. தாய் நிறுவனங்கள் மறைந்தும் கிளைகள் இரண்டும் வடசென்னையில் எப்படித் தழைத்தன? இதற்கு விடை தரும் ஒரே நூலை நான் கைகாட்ட முடியாது. ஆண்டறிக்கை, நாளிதழ், ஓய்வு பெற்றவர்களின் நினைவு ஆகியவற்றைச் சேர்த்து வாசகரே தொகுக்க வேண்டும். வாசிப்பு வட்டம் ஒன்றுக்கு இதைவிட நல்ல பணி இல்லை.

இலக்கியத்தைக் கடைசிக்குத் தள்ளாமல் மேற்சொன்ன ஒவ்வொரு நூலுக்கும் இடையில் செருகுங்கள். 'தி ரெக்கனிங்' நூலின் பக்கத்தில் ஃபிலிப் லெவினின் 'வாட் வொர்க் இஸ்' (1991) கவிதைத் தொகுப்பை வைக்கலாம். இளமையில் டெட்ராய்ட் கார் ஆலைகளில் உழைத்த லெவின், வேலைக்காக ஆலை வாசலில் மழையில் வரிசையில் நிற்பதை எழுதிய தலைப்புக் கவிதையை, காலை ஷிப்டுக்கு ஆள் எடுக்கும் வாசலில் நின்றவர்கள் வேறு விளக்கமின்றிப் புரிந்துகொள்வார்கள். தமிழில் ஆலையை எழுதியவர்கள் குறைவு என்ற குறை நியாயமானதுதான். ஆனாலும் தொழில் நலிவை எழுதியவர்கள் இருக்கிறார்கள். கைத்தறி நெசவாளர்களின் பட்டினியைச் சொன்ன தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953), தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டதைச் சொல்லிச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' ஆகிய இரண்டையும் 'ஜேன்ஸ்வில்' நூலுக்கு முன்பே வாசித்துவிடுங்கள். வடசென்னைக்கு நேராக வர வேண்டுமானால் திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பற்றிய பகுதிகளை எடுங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய அந்தச் சங்கமும் 1921இல் பெரம்பூர் மில் வேலைநிறுத்தமும், உள்ளே இருந்தவர் ஒருவரின் நடையில் அங்கே பதிவாகியிருக்கின்றன. இன்றைய வடசென்னை மனிதர்களுக்குக் கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' நாவல் நல்ல துணை.

அருங்காட்சியகக் கணக்கில் மூன்று விஷயங்களைப் பிரித்தறியக் கற்றால் போதும். அன்றாடச் செலவு வேறு, கட்டடம் போன்ற மூலதனச் செலவு வேறு. பெரிய மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் நன்கொடையை நிலைநிதி என்ற பெயரில் முதலாகப் போட்டு, ஆண்டுதோறும் அதில் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு மட்டும் எடுத்துச் செலவழிப்பார்கள். நம் கோயில்களில் ஒருவர் வைத்த கட்டளையின் வட்டியில் விளக்கெரிவதைப் போன்றது இது. முதல் தொகையில் கை வைக்க முடியாது என்பதால், கோடிக்கணக்கில் நிதி இருந்தும் ஊழியருக்குச் சம்பளம் தரத் திணறும் நிலை வரலாம். மூன்றாவதாக, அமெரிக்க அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் தம் சேகரிப்பை ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கில், சொத்தாகக் காட்டுவதில்லை. அதைப் பணமாகப் பார்க்கத் தொடங்கினால் கடன்காரரும் அப்படியே பார்ப்பார் என்ற அச்சத்துக்கு டெட்ராய்ட் நியாயம் சேர்த்தது. சேமிப்புக் கிடங்கில் கிடப்பதில் கொஞ்சம் விற்றால் என்ன என்று வாதிடும் கட்டுரைகளும் உண்டு, அவற்றையும் வாசியுங்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. விற்ற பணம் ஓர் ஆண்டுப் பற்றாக்குறையை மூடிவிட்டுத் தீர்ந்துவிடும். பொருள் தனியார் வீட்டுக்குப் போனால் திரும்பாது.

நுழைவுக் கட்டணம் பற்றிய விவாதத்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்கள் 2001 டிசம்பர் முதல் இலவசம். அங்கே அரசு மானியமும் நிறுவனங்களின் நன்கொடையும் தாங்குகின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், விரும்பியதைக் கொடுத்து நுழையும் வழக்கத்தை 2018 மார்ச்சில் வெளிமாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்களுக்கு நிறுத்தியது. இவை இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு எழும்பூருக்கு வாருங்கள்.

1851இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு நிலைநிதி கிடையாது. அது அரசுத் துறை, எனவே அதன் கணக்கு மாநில வரவு செலவுத் திட்டத்துக்குள் இருக்கிறது. கலை பண்பாடு தொடர்பான மானியக் கோரிக்கையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே அரசு இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். சம்பளத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, அரும்பொருள் பாதுகாப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும்போது, கடைசித் தொகையையே முதலில் தேடுங்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம் இருப்பதால் ஒரு பகலில் இரண்டையும் சேர்க்கலாம்: விம்கோ நகரிலோ தேரடியிலோ மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கினால், காலையில் வெண்கலக் காட்சிக்கூடம், பிற்பகலில் பழைய நாளிதழ்கள். மேலே சொன்ன ஆங்கில நூல்களுக்கு அங்கும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பட்டியலைக் கேளுங்கள். திரு.வி.க. நூல்கள் நாட்டுடைமையானவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடலாம்.

கொள்கைக் குறிப்பில் விவரம் போதவில்லையென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'அருங்காட்சியகத்தின் நிதிநிலை என்ன' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். குறிப்பிட்ட நிதியாண்டைச் சொல்லி, பாதுகாப்பு ஆய்வகத்துக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, நிரப்பப்பட்ட பணியிடங்கள், காலியிடங்கள் ஆகிய நான்கையும் தனித்தனி வரிசை எண்ணிட்டுக் கேளுங்கள். பதிலின் நகலை வட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்து, டெட்ராய்ட்டுக்காக எழுதிய அதே நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் பதியுங்கள். அடுத்த ஆண்டும் அதே நான்கு கேள்விகளை அனுப்பினால் ஒப்பிட வழி கிடைக்கும்.